எட்டு மாதமாகக் குடிக்காதவருக்கு ஏன் திரும்ப வந்தது? சதையி அழற்சி: ஒரு நிகழ்வு ஆய்வு

திங்கட்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் அவரைக் கொண்டுவந்து இறக்கியது. திருகோணமலையில் சாம்பல்தீவுப் பக்கம் வீடு, வயது 38, மீன் வாடியில் வேலை. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னவர் அவரேதான்.) முழங்கால்களை நெஞ்சோடு மடித்து ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தார். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை துளைத்துக்கொண்டு போகும் வலி. மல்லாந்து படுத்தால் கூடுகிறது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறைகிறது. நான்கைந்து தடவை வாந்தி. முதல் நாள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், பலகாரமும் பாயாசமுமாக நல்ல சாப்பாடு. இரவு வலி தொடங்கியதும் காஸ்ட்ரிக் என்று நினைத்து ஈனோ கரைத்துக் குடித்திருக்கிறார்.

மனைவியின் கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் எட்டு மாதம் பழைய டயக்னோசிஸ் காட். எங்கள் விடுதியில் நாங்களே எழுதிக் கொடுத்தது: மதுவினால் ஏற்பட்ட சதையி அழற்சி, குடியை முற்றாக நிறுத்தவும்.

காட்டைப் பார்த்ததும் எல்லார் முகமும் மாறியது. "திரும்பவும் குடிச்சீங்களா அண்ணன்?" என்று தாதி கேட்டார். பதிவு எழுதும்போது நானும் வேறு சொற்களில் அதையேதான் கேட்டேன். அவரால் பேச முடியவில்லை. மனைவிதான் சொன்னார்: "இல்ல டொக்டர். அண்டைக்குத் துண்டு வெட்டிக்கொண்டு வீட்ட போன நாளில இருந்து ஒரு சொட்டும் தொடல்ல. பிள்ளையில சத்தியம்."

இப்படிச் சொல்பவர்களை நாங்கள் சுலபமாக நம்புவதில்லை. அன்றைக்கும் நம்பவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

சதையி, அதாவது கணையம், இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் சுரப்பி. இன்சுலினையும் சுரக்கிறது, கொழுப்பையும் புரதத்தையும் உடைக்கும் நொதியங்களையும் சுரக்கிறது. அந்த நொதியங்கள் சிறுகுடலுக்குப் போன பிறகுதான் விழித்தெழவேண்டும். சதையிக்குள்ளேயே விழித்துவிட்டால் அது தன்னைத் தானே செரிக்கத் தொடங்குகிறது. ஹன்ஸ் கியாரி என்ற நோயியலாளர் 1896இலேயே இதைச் சொல்லிவிட்டார். எது அவற்றை விழிக்கச் செய்தது என்பதைத்தான் காரணம் என்கிறோம்.

நோயை உறுதிசெய்ய மூன்றில் இரண்டு வேண்டும்: இந்த மாதிரியான வலி, இரத்தத்தில் சதையி நொதியங்களான அமிலேஸ் அல்லது லிப்பேஸ் வழமையான உச்ச அளவின் மூன்று மடங்காவது இருப்பது, ஸ்கானில் தெரியும் மாற்றம். அவரின் அமிலேஸ் 142. உச்ச அளவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஸ்கானில் குடல் வாயு மறைத்ததால் சதையி சரியாகத் தெரியவில்லை, பித்தப்பையில் கல் இல்லை. சோடியம் 124 என்று குறைந்து வந்தது, அதற்கு விளக்கம் பிடிபடவில்லை. நாடி 124, மூச்சு நிமிடத்துக்கு 26, வெறும் விரலில் குத்திப் பார்த்த சீனி 386. சதையி அழற்சி இல்லையோ, குடல் துளைத்துவிட்டதோ என்றுகூட ஒரு மணித்தியாலம் யோசித்தோம்.

ஏழு மணியளவில் ஆய்வுகூடத்திலிருந்து அழைப்பு. பேசியவர் அங்கே பல வருடம் வேலை செய்பவர். "டொக்டர், இந்த ஆளின்ர இரத்தத்த ஒருக்கா வந்து பாருங்க. சுத்தவிட்டு எடுத்தா மேல நிக்கிறது தேங்காய்ப் பால் மாதிரி இருக்கு. இதுல நான் குடுத்த அமிலேஸ நம்ப வேணாம்."

போய்ப் பார்த்தேன். முதற்பால் போலவே இருந்தது. வெண்மையாக, தடிப்பாக, குழாயின் மறுபக்கம் தெரியாதபடி.

அந்த ஒரு அழைப்பு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் கொழுப்பு மிதமிஞ்சிப் போனால் அமிலேஸ் பரிசோதனை குழம்பி, உண்மையில் கூடியிருந்தும் குறைத்துக் காட்டும். சோடியமும் பொய்யாகக் குறைந்து தெரியும். அதை நம்பி உப்புச் சேலைன் ஏற்றினால் ஆளுக்குத்தான் ஆபத்து. மாதிரியை ஐதாக்கி மறுபடி பார்த்தபோது லிப்பேஸ் உச்ச அளவின் பதினைந்து மடங்குக்கு மேல். ட்ரைகிளிசரைட் டெசிலீற்றருக்கு 3,840 மில்லிகிராம். சாதாரணமாக 150க்குக் கீழ் இருக்கவேண்டும். 1,000ஐத் தாண்டினாலே சதையி அழற்சி வரும் ஆபத்து ஏறக்குறைய 5 வீதம், 2,000ஐத் தாண்டினால் 10 முதல் 20 வீதம்வரை போகும் என்பது கணக்கு. கடந்த சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 11.2. அதாவது மாதக்கணக்காக யாரும் கவனிக்காத சலரோகம் (நீரிழிவு).

இதற்கிடையில் பயிற்சி வைத்தியராக இருந்த தங்கச்சி ஒருவர், நுரையீரலைக் கேட்பதற்காக அவரைத் திருப்பிப் படுக்கவைத்தபோது ஒன்றைக் கவனித்திருக்கிறார். முழங்கைகளிலும் இடுப்புக்குக் கீழும் கூட்டம் கூட்டமாகச் சின்னச் சின்ன மஞ்சள் பருக்கள், அடியில் இலேசான சிவப்பு. இரத்தத்தில் கொழுப்பு வழிந்து தோலில் படிந்த அடையாளம் அது. மனைவியிடம் கேட்டபோது, "அது வேர்க்குரு எண்டுதான் நினைச்சம், ஒரு வருசத்துக்கு மேல இருக்கு," என்றார். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் முதல் தடவை எங்கள் விடுதியில் ஐந்து நாள் படுத்திருந்தபோதும் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன. அவரை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

முதல் தடவை விடுதியில் எழுதிய நோயாளிப் பதிவை, அந்தப் பழைய பெட் ஹெட் டிக்கெட்டை, எடுத்துப் படித்தேன். சேர்ந்த அன்று, "மது அருந்துபவர்" என்று ஒரு வரி. எவ்வளவு, எத்தனை நாளைக்கொரு தடவை, எத்தனை வருடம் என்று ஒன்றும் இல்லை. அமிலேஸ் நான்கு மடங்கு, ஸ்கானில் கல் இல்லை. அவ்வளவில் காரணம் முடிவாகிவிட்டது. சீனி 210 இருந்ததை நோயின் அழுத்தத்தால் ஏறியது என்று எழுதியிருக்கிறோம். கொழுப்புப் பரிசோதனை கிளினிக்கில் செய்யவும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு. அவர் கிளினிக்குக்கு ஒரு தடவை வந்திருக்கிறார், வலி இல்லை என்றதும் அனுப்பிவிட்டோம்.

இரண்டாம் நாள் மனைவியிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டேன். முன்பு சனிக்கிழமைகளில் கூட்டாளிமாருடன் கால் போத்தல் சாராயம், சில கிழமைகளில் ஞாயிறும். சரி, இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கால் போத்தல் சாராயத்தில் தூய மது ஏறக்குறைய 50 கிராம். சதையி அழற்சிக்கு மதுதான் காரணம் என்று சொல்ல, பொதுவாக நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல், ஐந்து வருடத்துக்கு மேல் குடித்திருக்கவேண்டும். தினமும் கால் போத்தல் என்ற அளவு அது. அவர் அதற்குக் கிட்டவும் இல்லை. கடுமையாகக் குடிப்பவர்களிலேயே சதையி அழற்சி வருவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான். ஒருவர் குடிக்கிறார் என்பதும் அவரின் நோய் குடியால் வந்தது என்பதும் ஒன்றல்ல. இதை மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற நாங்களே வார்ட் சுற்றும்போது மறந்துவிடுகிறோம்.

ஆனால் ஒன்றையும் சொல்லவேண்டும். மது ட்ரைகிளிசரைட்டைக் கூட்டும். அந்தச் சனிக்கிழமைக் கால் போத்தல் முதல் தாக்குதலுக்குக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியிருக்கலாம். அவர் குடியை விட்டது வீண்போகவில்லை, இனியும் தொடக்கூடாது. நாங்கள் விட்ட பிழை குடியை நிறுத்தச் சொன்னது அல்ல, அதோடு தேடலையும் நிறுத்தியது.

ஏன் ட்ரைகிளிசரைட் இவ்வளவு ஏறியது? இரத்தத்தில் வரும் கொழுப்பை உடைத்து அகற்றும் நொதியம் வேலை செய்ய இன்சுலின் வேண்டும். சலரோகம் கட்டுப்பாட்டில் இல்லாதபோது அது சோம்பிவிடுகிறது. பரம்பரையாகவே அந்தப் பாதை பலவீனமாக இருப்பவர்களுக்குக் கொழுப்பு குவிந்துகொண்டே போகும். ஒரு கல்யாணச் சாப்பாடு போதும், கரை உடைந்துவிடும். சதையிக்குள் இருக்கும் லிப்பேஸ் அந்தக் கொழுப்பை உடைத்துக் கொழுப்பமிலமாக்க, அது சுரப்பியின் கலங்களையும் நுண்குழாய்களையும் எரிக்கிறது. கல்சியம் அந்தக் கொழுப்பமிலங்களோடு சேர்ந்து சவர்க்காரம் போலப் படிவதால் இரத்தத்தில் கல்சியம் குறைகிறது. அவருக்கும் குறைந்தது.

சிகிச்சை

வாயால் எதுவும் கொடுக்கவில்லை. ஹார்ட்மன் திரவம் தொடங்கினோம். முன்பெல்லாம் சதையி அழற்சி என்றால் போத்தல் போத்தலாக வெள்ளம் ஏற்றுவோம். 2022இல் வெளிவந்த வோட்டர்ஃபோல் ஆய்வு அந்தப் பழக்கத்தை உடைத்துவிட்டது: தாராளமாக ஏற்றியவர்களில் 20.5 வீதமானோருக்கு உடலில் நீர் மிகைத்தது, அளவாக ஏற்றியவர்களில் 6.3 வீதம்தான், நோயின் கடுமையோ இரண்டு பக்கமும் பெரிதாக வேறுபடவில்லை. இவருக்கு நிறை 72 கிலோ. ஆரம்பத்தில் கிலோவுக்கு 10 மில்லிலீற்றர், பிறகு மணிக்கு கிலோவுக்கு 1.5, அதாவது ஏறக்குறைய 108 மில்லிலீற்றர். சிறுநீர் போகும் அளவைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினோம். வலிக்கு மோர்ஃபின். மோர்ஃபின் பித்தக் குழாயின் வாயை இறுக்கும், கொடுக்கக்கூடாது என்ற பழைய பயத்துக்கு நோயாளிகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. வலியில் துடிப்பவரை அந்தப் பயத்துக்காக வைத்திருப்பது கொடுமை.

காரணம் தெரிந்ததால் மட்டும் கிடைத்த சிகிச்சை ஒன்று இருந்தது, இன்சுலின். மணிக்கு கிலோவுக்கு 0.1 அலகு வீதம் நரம்பு வழியாக, சீனி இறங்கியதும் டெக்ஸ்ட்ரோஸையும் சேர்த்து, மணிக்கொரு தடவை விரல் குத்திப் பார்த்து, பொட்டாசியத்தையும் கண்காணித்து. மூன்று இரவு தாதியர் இதைச் செய்தார்கள். வேறு வேலை எதுவும் இல்லாதவர்கள்போல் செய்தார்கள், இருபதுக்கு மேல் கட்டில்கள் நிரம்பியிருந்தபோதும். ட்ரைகிளிசரைட் இரண்டாம் நாள் 1,900, மூன்றாம் நாள் 910, நான்காம் நாள் 480. பிளாஸ்மாவை இயந்திரத்தில் மாற்றும் முறையும் உண்டு. ஆனால் அது இன்சுலினைவிட உயிரைக் காக்கும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை, அதற்காக அவரை நூறு கிலோமீற்றருக்கு அப்பால் ஏற்றி அனுப்பவேண்டாம் என்று எங்கள் சேர் (விடுதிக்குப் பொறுப்பான வைத்தியர்) முடிவெடுத்தார். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் மாலை மூச்சு திணறியது. இடப்பக்க நெஞ்சுக்குள் நீர், இரத்தத்தில் ஒட்சிசன் 88 வீதம். முகமூடியில் ஒட்சிசன் கொடுத்து அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். அங்கே 30 மணித்தியாலத்தில் மூச்சு சீரானது. இந்த நேரக் கணக்கு முக்கியம். 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாட்டின்படி, உறுப்புச் செயலிழப்பு 48 மணித்தியாலத்துக்குள் மாறினால் அது நடுத்தரக் கடுமை, அதைத் தாண்டி நீடித்தால் கடும் நோய். பத்தில் எட்டுப் பேருக்கு இலேசாகவே வந்து போகும் இந்த நோயில், உயிரிழப்பு பெரும்பாலும் அந்த 48 மணிக் கோட்டைத் தாண்டியவர்களிடம்தான்.

காய்ச்சல் 38.6. ஆன்டிபயோட்டிக் தொடங்கவில்லையா என்று உறவினர்களும் கேட்டார்கள், எங்களில் சிலரும் கேட்டார்கள். அழற்சியே காய்ச்சலைக் கொண்டுவரும்; கிருமித்தொற்றுக்குச் சான்றில்லாமல் கொடுப்பதில் பயனில்லை. கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் தானாக இறங்கியது. அன்று எடுத்த சிடி ஸ்கானில் சதையியின் மூன்றில் ஒரு பங்கு இரத்தோட்டமில்லாமல் செத்திருந்தது.

மூன்றாம் நாள் இரவே தேங்காய்ப் பால் விடாத கஞ்சி தொடங்கினோம். சதையியை ஓய்வில் வைக்கக் கிழமைக்கணக்கில் பட்டினி போடும் காலம் போய்விட்டது. குடல் வேலை செய்தால்தான் அதன் சுவர் கிருமிகளை உள்ளே விடாமல் காக்கும். 16ஆம் நாள் வீட்டுக்குப் போனார். கையில் இன்சுலினும், கொழுப்பைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட், ஸ்டாட்டின் மாத்திரைகளும்.

காரணம் எதைத் தீர்மானிக்கிறது?

அதே கிழமை பக்கத்துப் பெண்கள் விடுதியில் மூதூரிலிருந்து வந்த 52 வயது அம்மா ஒருவர் இருந்தார். அவருக்குப் பித்தக்கல். முதல் நாளே ஈரல் நொதியமான ஏஎல்டி 340. அந்த அளவு 150ஐத் தாண்டினால் காரணம் கல்தான் என்று 95 வீதம் உறுதியாகச் சொல்லலாம். ஸ்கானும் கல்லைக் காட்டியது. உலகம் முழுவதும் சதையி அழற்சிக்கு முதல் காரணம் இதுதான், பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு. பித்தப்பையிலிருந்து நழுவிய கல் சதையிக் குழாயும் பித்தக்குழாயும் சேரும் வாயை அடைப்பதை 1901இல் யூஜின் ஓபி பிரேத பரிசோதனையில் கண்டு எழுதினார். பெரும்பாலான கற்கள் தாமாகவே கீழே இறங்கிவிடும். அந்த அம்மாவும் நான்காம் நாள் நடமாடினார், இலேசான நோய். ஆறு கிழமைக்குப் பிறகு பித்தப்பை எடுக்கத் திகதி கொடுத்து அனுப்பினோம்.

19ஆம் நாள் மஞ்சள் காமாலையோடும் நடுக்கக் காய்ச்சலோடும் திரும்பி வந்தார். இன்னொரு கல் பித்தக்குழாயில் சிக்கிக் கிருமி பிடித்திருந்தது. வாய்வழியாகக் குழாய்விட்டுக் கல்லை எடுக்க வெளியூர் அனுப்பவேண்டி வந்தது. பிழைத்தார். ஆனால் இது வந்திருக்கவே வேண்டியதில்லை. நெதர்லாந்தில் 2015இல் முடிந்த பொஞ்சோ ஆய்வு இதைத்தான் பார்த்தது: அதே தடவையிலேயே பித்தப்பையை எடுத்தவர்களில் 5 வீதமானோர்தான் கல்லால் மறுபடி வந்தார்கள் அல்லது இறந்தார்கள், ஒரு மாதம்போலக் காத்திருந்தவர்களில் 17 வீதம். சத்திரசிகிச்சைக் கூடத்தின் பட்டியல் நீளம் என்பது உண்மை. இலேசான சதையி அழற்சியிலிருந்து தேறிய ஒருவரை அவசரப் பட்டியலில் சேர்ப்பது கஷ்டம், ஏனென்றால் அவர் சிரித்துக்கொண்டு நடக்கிறார். அவரை அந்தப் பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும்.

குடியால் வருவது வேறு விதம். துறைமுகப் பக்கத்து ஆள் ஒருவர், தினமும் அரைப் போத்தல், கூடவே சிகரெட். மூன்றாவது தடவை. புகையும் சதையிக்குத் தனியான எதிரி என்பதைப் பலர் அறியமாட்டார்கள். முதல் தாக்குதலுக்குப் பிறகு நாட்பட்ட சதையி நோயாக மாறுவது பத்தில் ஒருவருக்கு. திரும்பத் திரும்ப வருபவர்களில் அது மூன்றில் ஒருவர்வரை போகிறது, குடியும் புகையும் தொடர்ந்தால் இன்னும் மோசம். இவருக்கு இப்போது மலத்தில் எண்ணெய் மிதக்கிறது, நிறை இறங்கிவிட்டது, சலரோகமும் வந்துவிட்டது. இப்படிப்பட்டவரிடம் வாட்டை விட்டுப் போகும்போது ஒரு தடவை "குடிக்காதீங்க" என்று சொல்வது போதாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால் தாக்குதல்கள் குறைகின்றன என்று பின்லாந்தில் ஆராய்ந்து 2009இல் காட்டினார்கள். மாத்திரை கொடுப்பதுபோல் பேச்சையும் கொடுக்கவேண்டும்.

ஆக, முதல் கிழமையில் ஆள் எவ்வளவு கடுமையாக விழுவார் என்பதை உடல் காட்டும் அழற்சியும் வயதும் உடற்பருமனும் பெரிதும் தீர்மானிக்கின்றன. காரணத்துக்கும் அதில் பங்குண்டு, கொழுப்பால் வருவது மற்றவற்றைவிடக் கடுமையாகவும் உறுப்புகளைத் தாக்கும் விதமாகவும் போகும் போக்குள்ளது. ஆனால் அடுத்த தாக்குதல் வருமா வராதா என்பது அனேகமாக முழுக்கவும் காரணத்தின் கையில். அதைக் கண்டுபிடிக்காமல் ஆளைக் காப்பாற்றி அனுப்பினால், எங்கள் ஆளுக்கு நடந்ததுபோல் இரண்டாவது தடவையில் சதையியின் ஒரு பங்கு போய்விடும்.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்சியம் கூடுவது, வல்ப்ரோயேட், அசதியோபிரின் போன்ற மருந்துகள், பித்தக்குழாய்க்குள் குழாய்விட்டுச் செய்யும் சிகிச்சை, கூகைக்கட்டு, சைக்கிள் ஹான்டில் வயிற்றில் குத்திய பிள்ளைகள். நாற்பது வயதுக்கு மேல் ஒருவருக்குக் காரணமே தெரியாவிட்டால் சதையியில் கட்டி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது.

எங்கள் விடுதியில் இப்போது ஒன்றை மாற்றியிருக்கிறோம். சதையி அழற்சி என்று சந்தேகம் வந்தவுடன், முதல் ஊசியிலேயே ட்ரைகிளிசரைட், கல்சியம், ஏஎல்டி மூன்றுக்கும் இரத்தம் போகும். கிளினிக்குக்குத் தள்ளுவதில்லை. பட்டினியும் சேலைனுமாக இரண்டு மூன்று நாள் போனால் ட்ரைகிளிசரைட் தானாகவே சரிந்துவிடும், பிறகு எடுத்தால் 300, 400 என்று வந்து நம்மை ஏமாற்றும். முதல் தடவைக்குப் பிறகு நாங்கள் கிளினிக்கில் மறக்காமல் எடுத்திருந்தாலும்கூட இந்த அளவு தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். குடி பற்றி எழுதும் இடத்தில் எத்தனை கிராம், எத்தனை நாள், எத்தனை வருடம் என்று நிரப்பவேண்டும். "அருந்துபவர்" என்று மட்டும் எழுதினால் சேர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஆறு கிழமை கழித்து எடுத்த ஸ்கானில் செத்த பகுதியைச் சுற்றி 5 சென்ரிமீற்றர் அளவில் ஒரு நீர்க்கோர்வை. வலியோ காய்ச்சலோ இல்லாததால் அதைத் தொடவில்லை. மூன்றாம் மாதம் ட்ரைகிளிசரைட் 310, எச்பிஏ1சி 7.4. முழங்கைப் பருக்கள் காய்ந்து உதிர்ந்துவிட்டன. தேங்காய்ப் பால் சொதியை விடுவதுதான் கஷ்டமாம். மீன் சாப்பிடலாம், பொரிக்காமல், என்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

ஒரு வருடம் முடிந்து கிளினிக்குக்கு வந்தபோது அந்தப் பழைய காட்டையும் கொண்டுவந்திருந்தார். ஊரில் எல்லாரும் குடிகாரன் என்றே சொல்கிறார்களாம், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் கதை போயிருக்கிறது. "அந்தச் சொல்ல ஒருக்கா வெட்டி விடுங்க டொக்டர்," என்றார். பழைய காட்டில் கைவைக்க முடியாது. புதிய கொப்பியின் முதல் பக்கத்தில், மிகை ட்ரைகிளிசரைட்டாலும் சலரோகத்தாலும் வந்த சதையி அழற்சி, மது முதன்மைக் காரணம் அல்ல என்று பெரிய எழுத்தில் எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவரோடு தம்பியும் வந்திருந்தார், வயது 31. அவருக்குக் குடியே இல்லை. சட்டையின் கையை மடிக்கச் சொன்னேன், தோலில் ஒன்றும் இல்லை. இரத்தம் எடுத்தோம். ட்ரைகிளிசரைட் 720. வருகிற புதன்கிழமை கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.